லா மார்மோத்தா, எதாப்பா? முதலில் கோத்தகிரிக் கணக்கு

கேள்வியின் சுருக்கம் இது. கோவையில் இருக்கிறீர்கள். வயது 41, எடை 74 கிலோ. 200 கி.மீ. பிஆர்எம் (நேரவரம்புக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூரச் சைக்கிள் ஓட்டம்) மூன்று முடித்திருக்கிறீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நிற்காமல் ஏற 2 மணி 40 நிமிடம் ஆகிறது. சைக்கிளில் முன்னால் 50/34 பல், பின்னால் 11–28 பல். அடுத்த ஜூலையில் பிரான்சுக்குப் போய் லா மார்மோத் அல்லது எதாப் து தூர் என்ற ஒருநாள் மலைச் சைக்கிள் நிகழ்ச்சிகள் இரண்டில் ஒன்றை ஓட்ட ஆசை. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைத் திரும்பப் படித்தால் அதற்குள் இன்னொன்று இருக்கிறது: "தடைநேரத்துக்குள் முடிப்பேனா, இல்லை பின்னால் வரும் வண்டியில் ஏற்றிவிடுவார்களா?" இதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் தெரிந்துவிடும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

லா மார்மோத் 1982 முதல் நடக்கிறது. பூர் துவாசான் ஊரில் கிளம்பி கிளாந்தோன் (1924 மீ), தெலெகிராஃப் (1566 மீ), கலிபியே (2642 மீ) என்ற மூன்று கணவாய்களைத் தாண்டி, கடைசியில் ஆல்ப் துவேஸ் ஏறி முடிக்க வேண்டும். ஏறக்குறைய 175 கி.மீ., மொத்த ஏற்றம் 5000 மீட்டர். எதாப் து தூர் 1993-இல் தொடங்கியது. அந்தந்த ஆண்டு தூர் து பிரான்சின் (டூர் டி பிரான்ஸ் பந்தயம்) ஒரு மலைக் கட்டத்தை, சாலையை முழுக்க மூடி, பதினைந்தாயிரம் பேர் அளவில் ஓட்டவிடுவார்கள். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022-இல் பிரியான்சோனிலிருந்து ஆல்ப் துவேஸ் வரை 167 கி.மீ., 4700 மீட்டர் ஏற்றம். 2024-இல் நீஸிலிருந்து குயோல் கணவாய் வரை 138 கி.மீ., 4600 மீட்டர். தூரம் குறைந்தாலும் ஏற்றம் பெரிதாகக் குறையவில்லை, கவனியுங்கள். பிஆர்எம் ஓட்டிப் பழகியவர்கள் கிலோமீட்டரைப் பார்த்து "200-க்குள்தானே" என்று நினைப்பதுதான் முதல் தப்பு. இங்கே அளவுகோல் மீட்டரில், அதுவும் செங்குத்தாக.

இப்போது உங்கள் கோத்தகிரி. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 325 மீட்டர் வாக்கில், கோத்தகிரி 1790 வாக்கில். ஏறக்குறைய 1450 மீட்டரை 2 மணி 40 நிமிடத்தில் ஏறுகிறீர்கள் என்றால், மணிக்கு 540 மீட்டர் சொச்சம். அந்தச் சாலை 33 கி.மீ.யில் ஏறுவதால் சராசரிச் சரிவு 4.4 சதவீதம்தான். சரிவு கூடக் கூட, அதே சக்திக்கு மணிக்கு ஏறும் உயரமும் கொஞ்சம் கூடும். காற்றோடு மல்லுக்கட்டுவது குறைந்து, மிதிப்பது உயரத்துக்கே போய்ச்சேருகிறது என்பதுதான் காரணம். நடைமுறையில் பலரும் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று உண்டு: மணிக்கு ஏறும் மீட்டரை (200 + சரிவு சதவீதம் × 10) என்ற எண்ணால் வகுத்தால், கிலோவுக்கு எத்தனை வாட் என்று வரும். 540-ஐ 244-ஆல் வகுத்தால் 2.2. அதே 2.2 வாட்டை 8 சதவீதச் சரிவில் வைத்தால் மணிக்கு 620 மீட்டர். இது தோராயக் கணக்கு. சைக்கிள் எடை, காற்று, தார்ச்சாலையின் தரம் எல்லாம் பத்து சதவீதம் வரை இப்படியும் அப்படியும் இழுக்கும்.

620 என்றதும் தெம்பு வரலாம். ஆனால் அது புத்துணர்வோடு கிளம்பி, இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிகிற ஏற்றத்தின் எண். நாள் முழுக்க எட்டு, ஒன்பது மணி நேரம் ஏறும்போது 15 முதல் 20 சதவீதம் இறங்கும் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆக 520. 5000-ஐ 520-ஆல் வகுத்தால் 9 மணி 36 நிமிடம், ஏறுவதற்கு மட்டும். இறக்கங்களுக்கும் மொரியேன் பள்ளத்தாக்கின் சமதளத்துக்கும் சேர்த்து 3 மணி. தண்ணீர், சாப்பாடு, ஒதுங்குவதற்கு 40 நிமிடம். மொத்தம் 13 மணி நேரத்துக்கு மேல். காலை 7 மணி வாக்கில் கிளம்பினால் ஆல்ப் துவேஸ் உச்சியைத் தொடும்போது இரவு 8 மணி தாண்டிவிடும். இன்றைய நிலையில் லா மார்மோத் உங்களுக்குக் கைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. ஆனால் கோட்டின் தப்பான பக்கத்தில் நிற்கிறீர்கள். நாள் முழுக்க சராசரி 620–650 வர வேண்டும். அப்போதுதான் பதினொன்றரை மணி நேரத்தில் முடிந்து, ஒரு பஞ்சருக்கும் ஒரு மயக்கத்துக்கும் இடம் இருக்கும்.

தடைநேர விஷயத்தில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று. இந்த நிகழ்ச்சிகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. 'சாஸ்' என்று தடுப்புக் கட்டிய பட்டிகளில் நிறுத்தி, ஒவ்வொரு பட்டியாகத் திறந்துவிடுவார்கள். முன்பட்டிக்கும் கடைப்பட்டிக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட ஆகும். முந்தைய முடிவு எதுவும் இல்லாத புதியவரைப் பெரும்பாலும் பின்பட்டியில்தான் போடுவார்கள். துடைப்ப வண்டி, பிரெஞ்சில் 'வுவாத்யூர் பலே', கடைசிப் பட்டிக்குப் பின்னால் கிளம்பி, அறிவித்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். முதல் பட்டிக்காரருக்கு அந்த ஒரு மணி நேரம் இனாம், உங்களுக்கு அது கிடையாது. அந்தந்த ஆண்டு விதிமுறைத் தாளில் ஒவ்வொரு கணவாய்க்கும் தடைநேரம் போட்டிருப்பார்கள். அதிலிருந்து உங்கள் பட்டி கிளம்பும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள், முதல் பட்டியின் நேரத்தை அல்ல.

ஆகவே என் யோசனை: இந்த முதல் ஆண்டு லா மார்மோத்துக்குப் பணம் கட்டாதீர்கள். எதாப்புக்குப் பதிவு, அக்டோபரில் தூர் பாதை அறிவிக்கப்பட்டதையொட்டித் திறந்து வேகமாக நிரம்பிவிடும். உங்கள் பயிற்சி எங்கே போய் நிற்கிறது என்று தெரிவதற்கு முன்பே சீட்டு எடுத்தாக வேண்டும் என்பது அதிலுள்ள சங்கடம். பிரான்சு மலையை ருசி பார்க்க வேறு வழி இருக்கிறது, அதை ஏனோ நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. தெற்கே புரோவான்சில் மோன் வாந்தூ என்று தனியாக நிற்கும் மலை, 1909 மீட்டர். அதற்கு பெதுவான், மலோசேன், சோ என்ற மூன்று ஊர்களிலிருந்து மூன்று சாலைகள். ஒரே நாளில் மூன்றிலும் ஏறினால் 'வாந்தூ கிறுக்கர்கள் சங்கத்தில்' சேர்த்துக்கொள்வார்கள், பேரே அதுதான். முன்கூட்டிப் பதிந்து ஓர் அட்டை வாங்கி, ஒவ்வொரு ஊரிலும் உச்சியிலும் முத்திரை வாங்க வேண்டும். மொத்தம் 137 கி.மீ. வாக்கில், ஏற்றம் 4400 மீட்டர். துடைப்ப வண்டி கிடையாது, போட்டியும் கிடையாது, நாளையும் நீங்களே தேர்ந்துகொள்ளலாம். மிஸ்த்ரால் என்ற அந்தப் பக்கத்துப் பலத்த காற்று அடித்தால் அறையில் படுத்துவிட்டு மறுநாள் கிளம்பலாம். 15 ஆயிரம் பேருக்காகக் குறித்த ஞாயிற்றுக்கிழமையில் அந்த வசதி இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சோ பக்கத்து ஏற்றம் 26 கி.மீ., சராசரி 4.4 சதவீதம். கிட்டத்தட்ட உங்கள் கோத்தகிரியேதான். ஆனால் பெதுவான் பக்கம் வேறு ஜாதி. 21.5 கி.மீ., சராசரி 7.5. முதல் ஐந்தாறு கி.மீ. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சாந்தமாகப் போகும். சேன் எஸ்தேவ் வளைவில் இடது பக்கம் திரும்பியதும் காட்டுக்குள் நுழைந்து, அடுத்த ஒன்பது பத்து கி.மீ. 9, 10 சதவீதத்திலேயே நிற்கும். கொண்டை ஊசி வளைவே இல்லாத நீட்டமான சாலை. வளைவில் சரிவு தளர்ந்து ஒரு மூச்சு விடக் கிடைக்குமே, அது கிடைக்காது. நீலகிரிச் சாலைக்குப் பழகிய கால் தடுமாறும் இடம் இதுதான். ஷலே ரேனார் என்ற இடம் தாண்டினால் மரமே இல்லாத வெள்ளைக் கல், ஆறு கி.மீ. வெயிலும் காற்றும். காலை 6 மணிக்கே பெதுவானில் தொடங்குங்கள், கடினமானதைக் குளிர்ச்சியில் முடித்துவிடலாம். மலோசேன் இரண்டாவது, சோ கடைசி. மூன்றும் முடியாமல் இரண்டோடு நின்றால் யாரும் கேட்கப்போவதில்லை.

கூட்டத்தோடு, எண் அட்டை குத்திக்கொண்டு ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ஜூன் நடுவில் சேன் ஃபெலிசியானில் நடக்கும் லார்தெஷ்வாஸைப் பாருங்கள். பல நீளங்கள் உண்டு. மலைகள் உயரம் குறைவு, சரிவும் பெரும்பாலும் 5, 6 சதவீதத்துக்குள்.

எங்கே போனாலும் 11–28 கேசட்டோடு (பின்சக்கரப் பல்லடுக்கு) போகாதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 8 சதவீதச் சரிவில் மணிக்கு 520 மீட்டர் என்றால் சக்கரம் மணிக்கு 6.5 கி.மீ.யில் உருளும், அதாவது நிமிடத்துக்கு 108 மீட்டர். 34×28-இல் ஒரு மிதிக்கு 2.55 மீட்டர் நகர்வீர்கள், கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிக்கும் சுற்று) 42. 34×34 போட்டால் 52. முன்னால் 30, பின்னால் 34 என்றால் 58. நாற்பதில் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். ஒன்பது மணி நேரம் மிதித்தால் முதலில் போவது மூச்சு அல்ல, முட்டி. 34 பல் கேசட் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. பின் டெரெய்லரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) கூண்டு நீளத்தைப் பார்க்க வேண்டும். உதாரணமாக ஷிமானோ அல்டெக்ரா ஆர்8000-இல் குட்டைக் கூண்டான எஸ்எஸ் 30 பல் வரைதான் எடுக்கும், 34-க்கு நீளமான ஜிஎஸ் வேண்டும். பழைய செயினை அப்படியே விட்டால் இன்னொரு வம்பு: தவறிப்போய்ப் பெரிய செயின்ரிங்கும் பெரிய பல்லும் சேர்ந்துவிட்டால் செயின் எட்டாமல் விறைத்து, ஹேங்கரையே (டெரெய்லரை பிரேமில் தாங்கும் துண்டு) பிடுங்கிவிடும். புதுச் செயினை அந்தப் பெரிது-பெரிது சேர்க்கையில் அளந்து வெட்டச் சொல்லுங்கள். முன்னால் ஷிமானோவின் கிராவல் வரிசையான ஜிஆர்எக்ஸ் 46/30 போட நினைத்தால், அதன் செயின் ஓடும் கோடு ரோடு கிராங்கைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது. முன் டெரெய்லரையும் ஜிஆர்எக்ஸுக்கு மாற்ற வேண்டிவரும். செலவு கட்டாது என்று தோன்றினால் 34×34-ஓடு நிறுத்திக்கொண்டு, பயிற்சியில் 50–55 கேடன்ஸில் உட்கார்ந்தபடி மிதிக்கப் பழகுங்கள்.

பயிற்சிக்கு உங்களுக்கு நீலகிரி இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு இல்லாத சொத்து. 24 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். வாரநாளில் இரண்டு அமர்வு போதும். ஒன்றில் 15 நிமிடம் வீதம் மூன்று முறை, ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச முடியாத உழைப்பில், கேடன்ஸ் 55–60. மற்றொன்றில் 25 நிமிடம் வீதம் இரண்டு முறை. ஞாயிறு நீண்ட ஓட்டம். நான்காவது வாரம் தோறும் பாதியாகக் குறையுங்கள். பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு சோதனை: கோத்தகிரி ஏறி, மேட்டுப்பாளையம் இறங்கி, குன்னூர் ஏறுங்கள். ஏறக்குறைய 3000 மீட்டர் ஆகிவிடும். சீசன் போக்குவரத்து மாற்றம் இல்லாத நாளாகப் பாருங்கள். இரண்டாவது ஏற்றத்தில் மணிக்கு ஏறிய மீட்டர் முதலாவதைவிட 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், பெரும்பாலும் அது காலின் குறை அல்ல. முதல் ஏற்றத்தில் வேகமாகப் போயிருப்பீர்கள், அல்லது சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். 10 சதவீதம் என்பது அனுபவ எல்லை, ஆராய்ச்சி முடிவு அல்ல. முட்டியில் வலி வந்து இரண்டு வாரம் தாண்டியும் நின்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

உயரத்தைப் பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். கலிபியே 2642 மீட்டர், நம் தொட்டபெட்டா 2637. ஐந்து மீட்டர்தான் வித்தியாசம். அந்த உயரத்தில் சக்தி குறையும் என்பது உறுதி, எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பத்து சதவீதம் என்று கணக்கில் வையுங்கள். உண்மையில் அடிப்பது குளிர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி இறங்கும். பூர் துவாசானில் 30 டிகிரி என்றால் கலிபியே உச்சியில் 18. மேகம் மூடினால் இன்னும் கீழே. வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கி.மீ.யில் இறங்கினால் கை விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகும். ஜூலைதானே என்று விடாமல் காற்றுத்தடுப்பு மேல்சட்டை, கையுறை, முழுக்கையை மூடும் உறை மூன்றும் முதுகுப் பையில் இருக்கட்டும்.

இறக்கம்தான் ஆபத்தான பகுதி. லா மார்மோத்தில் கிளாந்தோன் இறக்கத்தின் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அங்கே யாரும் முந்தப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க்கில் பேட் எரிந்து பிடிமானம் போகும். வளைவுக்கு முன்னால் நேர் சாலையில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கார்பன் ரிம்மும் ரிம் பிரேக்கும் சேர்ந்த சைக்கிளை இந்த மலைகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பேட்டில் தேயும் பகுதி அரை மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஒன்றரை மி.மீ. இருந்தாலும் புதிதாகப் போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் போடாதீர்கள், பேட் படிவதற்கு இருபது தடவையாவது வேகத்திலிருந்து பிடித்துப் பார்க்க வேண்டும்.

அங்கே போய் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் முதல் வேலை, எந்த லீவர் எந்தச் சக்கரம் என்று பார்ப்பது. பிரான்சில் இடது லீவர் பெரும்பாலும் முன் பிரேக். வலது கையில் முன் பிரேக் பழகியவர் பதற்றத்தில் தப்பானதைப் பிடிப்பார். வேண்டியபடி மாற்றித் தரச் சொல்லலாம். பெடல், சீட் இரண்டையும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். கிராங்க் நடுவிலிருந்து சீட் மேல்பரப்பு வரை உயரத்தையும், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரை தூரத்தையும் மி.மீ.யில் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த சைக்கிள் என்றால் பெட்டியில் வைக்கும்போது பின் டெரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி பிரேமுக்குள் கட்டுங்கள். டிஸ்க் பேட்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு செருகுங்கள், இல்லையென்றால் வழியில் லீவர் அமுங்கி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பிரேமுக்கே உரிய ஹேங்கர் ஒன்று உபரியாக வேண்டும், இது அந்த ஊர்க் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இலேசாக வளைந்த ஹேங்கர் சமதளத்தில் எதுவும் காட்டிக்கொடுக்காது. ஆல்ப் துவேஸின் முதல் வளைவில் 34 பல்லுக்குத் தள்ளும்போதுதான் டெரெய்லர் ஸ்போக்குக்குள் போகும். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் போவதானால் பிரித்துக் கட்டிய பை 130×90 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். சிஓ2 குப்பியை விமான நிலையத்தில் எடுத்துவிட வாய்ப்பு அதிகம், கைப்பம்பே போதும்.

சாப்பாடு: மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, வயிறு ஒத்துழைத்தால் 80. அரை லிட்டர் தண்ணீரில் 40 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும், கூட ஒரு வாழைப்பழம் என்றால் 60 தாண்டிவிடும். பேரீச்சை நன்றாகவே வேலை செய்யும். கடலை மிட்டாயில் கொழுப்பு இருப்பதால் ஏற்றத்தில் மெதுவாகத்தான் செரிக்கும். நிகழ்ச்சிப் பந்தல்களில் ரொட்டி, சீஸ், பழம், உலர்ந்த ஆப்ரிகாட், கோலா இருக்கும். பன்றி இறைச்சித் துண்டுகளும் பக்கத்திலேயே இருக்கும், சைவம் என்றால் பார்த்து எடுங்கள். பால்கோவாவைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இந்தியாவிலிருந்து போகிறவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணப்பையில் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மலைக் கிராமங்களில் பொதுக் குழாய் நிறைய உண்டு. 'ஓ நோன் போதாபிள்' என்று பலகை இருந்தால் அது குடிக்கும் தண்ணீர் அல்ல.

காகித வேலை சுருக்கமாக. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதுதான் கஷ்டம், ஜூலைப் பயணத்துக்கு மார்ச் தாண்டவிடாதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அது விசாவுக்கான எண். நேரம் குறிக்கும் சைக்கிள் நிகழ்ச்சியையும் மலை மீட்பையும் அந்தப் பாலிசி விலக்கியிருக்கிறதா என்று சிறிய எழுத்தைப் படியுங்கள், பலதும் விலக்கியிருக்கும். சில நிகழ்ச்சிகள் ஓராண்டுக்குள் வாங்கிய மருத்துவச் சான்று கேட்கும். அமைப்பாளர் தளத்தில் உள்ள படிவத்தை அச்சிட்டு, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டாலும் 41 வயதில் ஓர் இதயப் பரிசோதனை செய்துவிட்டே பயிற்சியைத் தொடங்குங்கள்.

அறையை பெதுவானிலேயே எடுங்கள். சோ பக்கம் மூன்றாவதாக ஏறி முடிக்கும்போது மாலை ஆகியிருக்கும். உச்சியிலிருந்து ஷலே ரேனார் வழியாகக் காட்டுச் சாலையில் நேரே அறைக்கு இறங்கிவிடலாம். மரநிழலில் அப்போது சீக்கிரமே இருட்டும், சாலை மூடியிருக்காது, எதிரே கார் வரும். முன்விளக்கும் பின்விளக்கும் சார்ஜோடு இருக்கட்டும். வலது பக்கம் ஓட்ட வேண்டிய நாடு என்பதைத் தண்ணீருக்கு நின்று மறுபடி கிளம்பும் ஒவ்வொரு முறையும் நினைவில் வையுங்கள், களைத்த ஆள் பழக்கத்தில் இடது பக்கம் ஏறுவது அந்தத் தருணத்தில்தான்.